வாயுக் கணக்கில் விடை பிழைக்கிறதா? பிழைத்த விடையை வைத்தே காரணத்தைப் பிடிக்கலாம்

கடந்தகால வினாத்தாள் ஒன்றைச் செய்து முடித்து விடைத்தாளைத் திறந்தால் உங்கள் விடை ஒன்று, அங்கே இருப்பது இன்னொன்று. அநேகமான பிள்ளைகள் உடனே செய்வது, எழுதியதை வெட்டிவிட்டு முதலிலிருந்து மறுபடி செய்வது. பெரும்பாலும் அதே பிழை அதே வரியில் திரும்ப விழும், ஏனென்றால் அது பழக்கத்தில் வந்த பிழை, கண்ணுக்குத் தெரியாது.

வெட்ட வேண்டாம். உங்கள் விடையையும் சரியான விடையையும் பக்கத்தில் எழுதி, பெரியதைச் சின்னதால் வகுங்கள். சடப்பொருளின் வாயுநிலை என்ற பாட அலகில் விடக்கூடிய பிழைகள் அப்படி ஒன்றும் கனக்க இல்லை, ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு விகிதத்தை விட்டுவிட்டுத்தான் போகும். உயர்தர இரசாயனவியல் பரீட்சையில் கணிப்பான் கொண்டுபோக முடியாது என்பது தெரிந்ததுதான், ஆனால் வீட்டில் இருந்து பிழை தேடும்போது ஃபோனில் வகுத்துப் பார்ப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை. இரண்டு மூன்று தசமதானம் வரை வகுங்கள், ஏன் என்று கீழே விளங்கும்.

அறிகுறி: 1000 மடங்கு, 10 இலட்சம் மடங்கு, அல்லது 101 மடங்கு

அலகுப் பிழை. வேறு எங்கேயும் தேட வேண்டாம்.

இந்தக் கணக்குகள் எல்லாம் பீவீ = என்ஆர்ரீ என்ற வாயுச் சமன்பாட்டில்தான் ஓடுகின்றன: அமுக்கம் × கனவளவு = மூல் எண்ணிக்கை × வாயு மாறிலி × கெல்வினில் வெப்பநிலை. வினாத்தாளின் மேலே அகில வாயு மாறிலி 8.314 என்று அச்சடித்திருப்பார்கள், அதன் பின்னால் யூல் என்ற அலகு இருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. ஒரு யூல் என்பது ஒரு பஸ்காலை ஒரு கனமீற்றரால் பெருக்கியது. ஒரு கிலோபஸ்காலை ஒரு லீற்றரால் பெருக்கினாலும் அதே ஒரு யூல்தான், ஏனென்றால் ஒரு பக்கம் ஆயிரத்தால் கூடும்போது மற்றப் பக்கம் ஆயிரத்தால் குறைகிறது. ஆகவே 8.314 உடன் ஒத்துப்போகும் சோடிகள் இரண்டு: பஸ்காலும் கனமீற்றரும், கிலோபஸ்காலும் லீற்றரும். (கன டெசிமீற்றர் என்று வந்தாலும் அது லீற்றர்தான், பயப்பட வேண்டாம்.) சோடியைக் குறுக்கே மாற்றினால் 1000. கன சென்ரிமீற்றரை மாற்றாமல் பஸ்காலோடு போட்டால் 10 இலட்சம். அமுக்கத்தை '1 வளிமண்டலம்' என்று 1 ஆகவே விட்டு, கனவளவை லீற்றரில் போட்டு, 8.314 ஐயும் போட்டால் 101, ஏனென்றால் 1 வளிமண்டலம் 101.325 கிலோபஸ்கால். வளிமண்டலத்தில்தான் செய்வேன் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள் 0.0821 ஐப் பயன்படுத்த வேண்டும். அப்படிச் செய்வதை நான் விரும்புவதில்லை, ஒரே தாளில் இரண்டு மாறிலிகள் ஓடினால் எங்கேயாவது முட்டும்.

விடைத்தாள் கையில் இல்லாதபோதும் இந்தப் பிழையைப் பிடிக்கலாம். 2 லீற்றர் நைதரசன், 100 கிலோபஸ்கால், 27 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான விடை 200 ÷ (8.314 × 300), அதாவது 0.080 மூல். பஸ்காலையும் லீற்றரையும் கலந்தவருக்கு 80 மூல் வரும். 80 மூல் நைதரசன் என்றால் 2.2 கிலோவுக்கு மேல். அந்த 2 லீற்றர் போத்தலில் தண்ணீரை நிரப்பினாலே 2 கிலோதான்! வாயு தண்ணீரை விடப் பாரமாக வந்த இடத்திலேயே பேனையை வைத்துவிட்டு மேலே போய் அலகைப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: கிட்டத்தட்ட 11 மடங்கு

கெல்வினுக்கு மாற்றவில்லை. 27 பாகையை 27 என்றே போட்டால் 300 ÷ 27 = 11.1. 25 பாகை என்றால் 298 ÷ 25 = 11.9.

இதில் எங்கள் ஊருக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. யாழ்ப்பாணத்து ஆய்கூடத்தில் வெப்பமானியைப் பார்த்து 30 பாகை என்று எழுதுவோம், 303 ÷ 30 = 10.1. விடை பத்து மடங்கு விலகி நின்றால் எல்லாருக்கும் தசமப்புள்ளிதான் ஞாபகத்துக்கு வரும், பிறகு அரை மணித்தியாலம் புள்ளியைத் தேடுவார்கள். தசமப்புள்ளி தள்ளியிருந்தால் விகிதம் அச்சொட்டாக 10 வரும். 10.1 வந்தால் கெல்வின். வகுத்தலைப் பாதியில் விடாதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

ஆரம்ப நிலையும் இறுதி நிலையும் கொடுத்த கணக்கில் இதே பிழை வேறு உருவத்தில் வரும். 27 பாகையிலிருந்து 54 பாகைக்குச் சூடாக்கினால் கனவளவு இரண்டு மடங்கு என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுபவர்கள் இருக்கிறார்கள், உண்மையில் 327 ÷ 300, வெறும் 1.09 மடங்குதான். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே கொடுக்கப்பட்டு, கனவளவு மறையெண்ணாக வந்தால் சொல்லவே தேவையில்லை. இதற்கு எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு: 'வெப்பநிலை 10 பாகையால் உயர்த்தப்பட்டது' என்றால் அது 10 கெல்வின் உயர்வுதான், அதோடு 273 ஐக் கூட்டி 283 ஆக்கக்கூடாது. கெல்வினை மறக்காதே என்று அளவுக்கு மீறி ஏச்சு வாங்கிய பிள்ளைகள்தான் அநேகமாக இதைச் செய்கிறார்கள்.

அறிகுறி: செயன்முறையில் 3, 4 சதவீதம் மட்டும் விலகல்

சின்ன விலகல்தானே என்று விட்டுவிடுவார்கள், ஆனால் தோண்டிப் பார்க்க நிறைய விசயம் இருப்பது இதில்தான். மகனீசியத்தையும் ஐதரோகுளோரிக்கமிலத்தையும் தாக்கமுற விட்டு, வரும் ஐதரசனை நீருக்கு மேலாகச் சேகரித்து, மகனீசியத்தின் சாரணுத்திணிவைக் காணும் செயன்முறையை எடுத்துக்கொள்வோம். 24.3 வரவேண்டிய இடத்தில் 23.3 வருகிறது என்றால் நீராவியைக் கழிக்க மறந்துவிட்டீர்கள்.

கணக்கு இப்படி. 0.0243 கிராம் மகனீசியம் என்றால் 0.001 மூல், ஐதரசனும் 0.001 மூல். 30 பாகையில் நீரின் நிரம்பலாவியமுக்கம் 4.24 கிலோபஸ்கால். வளிமண்டல அமுக்கம் 101.3 என்றால் குழாய்க்குள் ஐதரசனின் பகுதியமுக்கம் கிட்டத்தட்ட 97.1 மட்டுமே, அதனால் குழாயில் வாசிக்கும் கனவளவு 25.9 மில்லிலீற்றர். இந்த 25.9 ஐ முழு 101.3 உடன் பெருக்கினால் மூல் எண்ணிக்கை 0.00104 ஆகிவிடும், சாரணுத்திணிவு 23.3 க்கு இறங்கும். கலவையின் மொத்த அமுக்கம் பகுதியமுக்கங்களின் கூட்டுத்தொகை என்ற தாற்றனின் விதியைப் பரீட்சைக்குப் பாடமாக்கி ஒப்புவிக்கும் அதே பிள்ளை ஆய்கூடத்தில் அதை மறந்துவிடுவது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான்.

அடுத்தது, எந்த ஆவியமுக்கத்தைக் கழிக்கிறீர்கள் என்பது. குறிப்புகளில் உள்ள உதாரணங்கள் அநேகமாக 25 பாகையில் செய்தவை, அதில் 3.17 என்று இருக்கும், அதையே தூக்கிப் போட்டுவிடுவார்கள். மார்கழி தை தவிர மற்ற மாதங்களில் இங்கே ஆய்கூடம் 25 பாகையில் இருப்பது அபூர்வம். 20 பாகைக்கு 2.34, 25 க்கு 3.17, 30 க்கு 4.24 என்று மதிப்பு வேகமாக ஏறுவதால், 30 பாகை நாளில் 25 பாகை மதிப்பைப் போட்டால் ஒரு சதவீத விலகல் மிஞ்சும். அன்றைய நீரின் வெப்பநிலையை அளந்து, அந்த வெப்பநிலைக்குரிய மதிப்பை எடுங்கள்.

விலகல் எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள். 24.3 ஐ விடக் குறைந்தால் வாயுவைக் கூடுதலாக எண்ணிவிட்டீர்கள்: நீராவி, அல்லது தொடங்கும்போதே குழாயின் உச்சியில் நின்ற ஒரு வளிக்குமிழ். கூடினால் வாயு எங்கேயோ குறைந்திருக்கிறது: குழாயின் வாய்க்கு வெளியே குமிழ் தப்பியிருக்கும், அல்லது நாடாவை மணல்தாளால் தேய்க்காமல் நிறுத்திருப்பீர்கள். மேலே படிந்த ஒட்சைட்டுக்குத் திணிவு உண்டு, ஆனால் அது அமிலத்தோடு ஐதரசன் தராது. நாடா பழசாகிக் கறுத்திருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

குழாயின் உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் ஒன்றாக இல்லாவிட்டால் இன்னொரு சின்னப் பிழை சேரும். உள்ளே நீர் 13.6 சென்ரிமீற்றர் உயரத்தில் நின்றால் வாயுவின் அமுக்கம் வெளியே உள்ளதை விட 1 சென்ரிமீற்றர் இரசத்தால், அதாவது 1.33 கிலோபஸ்காலால் குறைவு. குழாயை இறக்கி மட்டங்களைச் சமப்படுத்திவிட்டு வாசித்தால் இந்தக் கணக்கே தேவையில்லை.

பொற்றாசியம் பேர்மங்கனேற்றைச் சூடாக்கி ஒட்சிசன் எடுக்கும் செயன்முறையில் மூலர்க் கனவளவு கூடுதலாக வந்தால், வாயு ஆறமுன் வாசித்துவிட்டீர்கள். ஆறவிடுங்கள், ஆனால் சுடரை எடுக்கமுன் விடுகுழாயை நீரிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டுச் சூடான குழாய் வெடிக்கும். காபனீரொட்சைட்டை நீருக்கு மேலாகச் சேகரித்துவிட்டுக் கனவளவு காணாது என்று முறையிடுபவர்களுக்கு ஒன்றே ஒன்று: 25 பாகையில் ஒரு லீற்றர் தண்ணீர் முக்கால் லீற்றருக்கு மேல் அந்த வாயுவைக் கரைத்துக்கொள்ளும்.

அறிகுறி: 1.013 அல்லது 1.07 மடங்கு

மூலர்க் கனவளவைப் பாடமாக்கியதால் வந்தது. 22.4 லீற்றர் என்பது 0 பாகையும் 1 வளிமண்டலமும் உள்ள நிலைக்கு. 1982இல் சர்வதேச இரசாயன ஒன்றியம் நியம அமுக்கத்தை 100 கிலோபஸ்காலாக மாற்றியது, அதன்படி 22.7. அறை வெப்பநிலைக்குச் சொல்லும் 24 வேறு. எந்த எண்ணையும் பாடமாக்காமல் கேள்வியில் கொடுத்த அமுக்கத்தையும் வெப்பநிலையையும் சமன்பாட்டில் போட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை.

அறிகுறி: அச்சொட்டாக 2 மடங்கு அல்லது பாதி

ஐதரசன், நைதரசன், ஒட்சிசன், குளோரீன் எல்லாம் ஈரணு மூலக்கூறுகள். ஒட்சிசன் வாயுவின் மூலர்த்திணிவு 32 கிராம், 16 அல்ல. சரி, இதைப் பார்த்தாயிற்று, அது இல்லை என்றால் சமப்படுத்திய சமன்பாட்டின் குணகங்களைப் பாருங்கள். அதுவும் சரி என்றால் கேள்வி அநேகமாக இரண்டு கண்ணாடிக் குமிழ்களை இணைக்கும் வகை, வால்வைத் திறந்த பிறகும் ஒரு குமிழின் கனவளவையே போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். திறந்த பிறகு ஒவ்வொரு வாயுவும் முழுக் கனவளவிலும் பரவும், பகுதியமுக்கத்தை அந்த முழுக் கனவளவை வைத்தே எடுக்க வேண்டும்.

இணைத்த குமிழ்களில் ஒன்றை மட்டும் சூடாக்குவது என்று இன்னொரு வகை உண்டு, விடை 2 மடங்கெல்லாம் விலகாது, ஆனால் கனபேர் விழுவது இதில்தான். ஒரே கனவளவுள்ள இரண்டு குமிழ்கள், ஒடுங்கிய குழாயால் இணைத்தவை, இரண்டும் 300 கெல்வின், 100 கிலோபஸ்கால். ஒன்றை 400 கெல்வினுக்குச் சூடாக்கி மற்றதை 300 இலேயே வைத்தால் அமுக்கம் என்ன?

உங்களுக்கு 133 வந்திருந்தால் சூடான குமிழைத் தனியாக மூடிய பாத்திரமாக எடுத்திருக்கிறீர்கள். 116.7 வந்திருந்தால் இரண்டு வழியில் ஒன்று: 100 ஐயும் 133 ஐயும் சராசரி எடுத்தீர்கள், அல்லது வெப்பநிலையைச் சராசரி எடுத்து 350 என்று போட்டீர்கள். இரண்டும் ஒரே எண்ணைத் தருவதால், பக்கத்தில் இருக்கும் நண்பருக்கும் 116.7 வந்தது என்று நம்பிக்கை வேறு கூடிவிடும். சரியான விடை 114.3. குழாய் திறந்திருப்பதால் அமுக்கம் இரண்டு பக்கமும் சமன், சூடான பக்கத்திலிருந்து கொஞ்ச மூலக்கூறுகள் குளிரான பக்கத்துக்குப் போய்விடும், மாறாமல் இருப்பது மொத்த மூல் எண்ணிக்கை மட்டுமே. அதனால் அமுக்கம் × (1/300 + 1/400) = 100 × (2/300). இதற்குக் கணிப்பானும் தேவையில்லை, 800 ஐ 7 ஆல் வகுத்தால் வந்துவிடும்.

அறிகுறி: 31.6 மடங்கு

இந்த எண்ணைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும், ஏனென்றால் இது ஒரே ஒரு இடத்தில்தான் வரும். 31.6 என்பது 1000 இன் வர்க்கமூலம். மூலக்கூறுகளின் வர்க்க இடை மூலக் கதியைக் காணும்போது மூலர்த்திணிவைக் கிராமில் போட்டுவிட்டீர்கள். யூலுக்குள் கிலோகிராம் ஒளிந்திருக்கிறது, ஆகவே நைதரசனுக்கு 28 அல்ல, 0.028.

300 கெல்வினில் சரியான கதி செக்கனுக்கு 517 மீற்றர். கிராமில் போட்டால் 16.3 மீற்றர், மணிக்கு 59 கிலோமீற்றர் அளவு. ஏ9 வீதியில் கொழும்பு பஸ் இதை விட வேகமாகப் போகும். காற்றில் ஒலியே செக்கனுக்கு 340 மீற்றருக்கு மேல் போகிறது, ஒலியைக் காவிச் செல்லும் மூலக்கூறுகள் பஸ்ஸை விட மெதுவாக அசைய முடியாது என்று யோசித்தால் விடைத்தாள் பார்க்காமலே பிழையைப் பிடித்துவிடலாம்.

அறிகுறி: ரயர்க் கணக்கு மானியோடு ஒத்துவரவில்லை

மானி காட்டுவது வெளி அமுக்கத்துக்கு மேலே உள்ள மிகுதியை மட்டும். சைக்கிள் ரயரில் மானி சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் என்று காட்டினால் உள்ளே உண்மையான அமுக்கம் அதே அலகில் 44.7, ஏனென்றால் வளிமண்டலம் 14.7. வெயிலில் நின்று 27 பாகையிலிருந்து 57 பாகைக்கு ஏறினால் 44.7 × 330 ÷ 300 = 49.2, மானியில் 34.5. நேரே 30 ஐ 1.1 ஆல் பெருக்கினவருக்கு 33 வரும். காற்று அடிக்காத ரயரில் மானி பூச்சியம் காட்டும், உள்ளே வெற்றிடமா என்ன?

அறிகுறி: காஸ் சிலிண்டருக்குக் கணக்குப் போட்டால் நம்ப முடியாத அமுக்கம்

12.5 கிலோ சமையல் சிலிண்டரை எடுத்து, உள்ளே முழுவதும் பியூற்றேன், கொள்ளளவு 26 லீற்றர் என்று வைத்து பீவீ = என்ஆர்ரீ போட்டால் 30 பாகையில் 200 வளிமண்டலத்துக்கு மேல் வரும். அவ்வளவு அமுக்கம் அந்த மெல்லிய உருக்குச் சிலிண்டருக்குள் இருந்தால் அதைச் சமையலறையில் யாரும் வைத்திருக்க மாட்டார்கள். பெருக்கலில் பிழை இல்லை. உள்ளே இருப்பதில் பெரும்பகுதி திரவம், அதற்கு வாயுச் சமன்பாடு பொருந்தாது.

திரவமும் ஆவியும் சேர்ந்து இருக்கும்வரை அமுக்கத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை ஒன்றே. 25 பாகையில் தூய பியூற்றேனின் ஆவியமுக்கம் 2.4 வளிமண்டலமளவு, தூய புரொப்பேனுடையது 9 வளிமண்டலத்துக்கும் மேல். இரண்டும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பது எவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்தே தெரியும். 2021 கடைசியில் நாடு முழுக்கச் சமையல் காஸ் வெடிப்புகள் செய்தியானபோது இந்த விகிதத்தைப் பற்றித்தான் எல்லாரும் கதைத்தார்கள். சிலிண்டர் முடியும் தறுவாய் வரை அடுப்பு ஒரே மாதிரி எரிந்து, பிறகு திடீரென்று அடங்குவதற்கும் காரணம் இதுதான்: கடைசித் துளித் திரவம் தீர்ந்த பிறகுதான் அமுக்கம் விழத் தொடங்குகிறது.

ஆஸ்பத்திரி ஒட்சிசன் சிலிண்டர் அப்படி இல்லை, எடுக்க எடுக்க மானி இறங்கிக்கொண்டே போகும். ஒட்சிசனின் அவதி வெப்பநிலை, அதாவது அமுக்கித் திரவமாக்கக்கூடிய உச்ச வெப்பநிலை, −118.6 பாகை, ஆகவே அறை வெப்பநிலையில் எவ்வளவு அமுக்கினாலும் திரவமாகாது. பியூற்றேனுக்கு 152, புரொப்பேனுக்கு 97. எந்தக் கணக்குக்கு முன்னாலும் கேட்க வேண்டிய கேள்வி, இந்த வெப்பநிலையில் இது திரவமாகக்கூடியதா என்பது. காபனீரொட்சைட்டு இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் சுவாரசியமான ஆள், அவதி வெப்பநிலை 31 பாகை. காலையில் உள்ளே திரவம் உள்ள சிலிண்டர், சித்திரை மாதத்து மத்தியான வெயிலில் 31 ஐத் தாண்டியதும் திரவம் என்றும் வாயு என்றும் பிரித்துச் சொல்ல முடியாத நிலைக்குப் போய்விடும்.

அறிகுறி: மெய்வாயுக் கேள்வியில் விலகலின் திசை மாறிப்போகிறது

அமுக்கத்தையும் கனவளவையும் பெருக்கி, என்ஆர்ரீ ஆல் வகுத்தால் வரும் எண் 1 ஐ விடக் குறைந்தால் கவர்ச்சி விசை வென்றிருக்கிறது, கூடினால் மூலக்கூறுகளின் சொந்தக் கனவளவு வென்றிருக்கிறது. உயர் அமுக்கம் என்றால் எப்போதும் 1 ஐ விடக் குறைவு என்று எழுதுபவர்களுக்குத்தான் இது பிழைக்கும். நடுத்தர அமுக்கத்தில் காபனீரொட்சைட்டு 1 க்குக் கீழே இறங்கும், அமுக்கம் மிகக் கூடினால் திரும்ப மேலே ஏறும். ஈலியமும் ஐதரசனும் அறை வெப்பநிலையில் கீழே இறங்குவதே இல்லை.

மெய்வாயுக்களுக்காக வாயுச் சமன்பாட்டைத் திருத்திய வந்தர்வாலின் சமன்பாட்டில் சகமும் சயமும் மாறிப்போகிறதா? அளந்த அமுக்கம் கவர்ச்சியால் குறைந்து காட்டுகிறது, ஆகவே அதோடு கூட்டுகிறோம். அளந்த கனவளவில் ஒரு பகுதியை மூலக்கூறுகளே அடைத்துக்கொண்டிருக்கின்றன, ஆகவே அதிலிருந்து கழிக்கிறோம். 1873இல் தன் ஆய்வேட்டில் அவர் செய்ததும் இந்த இரண்டு திருத்தங்கள்தான், 1910இல் நோபல் பரிசும் கிடைத்தது.

அறிகுறி: பளிங்கின் அடர்த்தி 4, 8 அல்லது 3.5 மடங்கு விலகல்

அலகுக்கலம் (பளிங்கில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய பெட்டி) பற்றிய கணக்கு எங்கள் உயர்தரத்தை விட இந்தியக் கைட்டுகளில்தான் அதிகம், அதைப் பார்த்துச் செய்பவர்களுக்கு இது. ஆனையிறவு உப்பை உருப்பெருக்கியில் பார்த்தால் சதுரமுகிகள் தெரியும், அந்த வடிவம் உள்ளே அயன்கள் அடுக்கியிருக்கும் விதத்திலிருந்து வருவது. சோடியம் குளோரைட்டின் அலகுக்கல விளிம்பு 564 பிக்கோமீற்றர், உள்ளே 4 சோடியம் அயன், 4 குளோரைட்டு அயன். அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 2.16 கிராம் வரவேண்டும்.

0.54 வந்தால் ஒரே ஒரு சோடியை எண்ணியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட உப்பு தண்ணீரில் மிதக்கும். 7.6 வந்தால் படத்தில் தெரியும் 14 குளோரைட்டையும் அப்படியே 14 என்று எண்ணியிருக்கிறீர்கள், உப்பின் அடர்த்தி கிட்டத்தட்ட இரும்பு அளவுக்குப் போய்விட்டது. மூலையில் உள்ளதில் எட்டில் ஒரு பங்கு, முகத்தில் உள்ளதில் பாதி, விளிம்பில் உள்ளதில் கால்வாசி, நடுவில் உள்ளது முழுசு. மூலைகள் 8 இலிருந்து 1, முகங்கள் 6 இலிருந்து 3, ஆக 4. சோடியத்துக்கு விளிம்புகள் 12 இலிருந்து 3, நடுவில் 1. 17 அளவில் வந்தால் விளிம்பின் நீளத்தை ஓர் ஆரை சக மற்ற ஆரை என்று எடுத்துவிட்டீர்கள், அது விளிம்பில் பாதி, கனவளவில் எட்டில் ஒன்று.

அச்சொட்டாக 2 மடங்கு விலகினால் கேள்வி சீசியம் குளோரைட்டாக இருக்கும். நடுவில் ஒன்று, மூலைகளில் எட்டு என்று பார்த்ததும் இரும்பு மாதிரி 2 என்று போடுவார்கள். இரும்பில் நடுவிலும் மூலையிலும் ஒரே அணு, சீசியம் குளோரைட்டில் வேறு வேறு அயன்கள், கலத்துக்கு ஒரே ஒரு சோடிதான்.

அறிகுறி: எண்கள் எல்லாம் சரி, கட்டமைப்பு வினாவில் மட்டும் புள்ளி வெட்டு

எழுதியதில் 'பிணைப்பு உடைகிறது' என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். எந்தப் பிணைப்பு? குருநகரில் மீன் பெட்டிக்குள் ஐஸ் உருகும்போது நீர் மூலக்கூறுக்குள் உள்ள ஒரு பிணைப்பும் உடைவதில்லை, மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள ஐதரசன் பிணைப்புகளில் ஒரு பகுதிதான் போகிறது. கொதிக்கும் நீரின் குமிழுக்குள் இருப்பதும் நீராவிதான், ஐதரசனும் ஒட்சிசனுமல்ல. அயடீன் பதங்கமாகும்போது போவது மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள நலிந்த இலண்டன் விசைகள். வைரம், சிலிக்கா போன்றவற்றுக்குத்தான் பங்கீட்டுவலுப் பிணைப்பு உடைய வேண்டும் என்று எழுதலாம், ஏனென்றால் அங்கே தனி மூலக்கூறு என்று ஒன்றே இல்லை. காபனீரொட்சைட்டு −78.5 பாகையில் பதங்கமாக, சிலிக்கா உருக 1700 பாகை வரை வேண்டியிருப்பது இதனால்தான்.

காரீயத்தில் (பென்சில் கரி) இரண்டையும் எழுத வேண்டும்: படைக்குள்ளே பங்கீட்டுவலு, படைகளுக்கு இடையே நலிந்த விசை. போகலைச் சுரங்கத்தில் தோண்டி எடுக்கும் காரீயம் கையில் வழுக்குவது இரண்டாவதால், உருகுநிலை பயங்கரமாக உயர்ந்து நிற்பது முதலாவதால். ஒன்றை எழுதிவிட்டு மற்றதை விட்டால் பாதிப் புள்ளிதான் கிடைக்கும்.

அறிகுறி: எந்த விகிதமும் பொருந்தவில்லை

இரண்டு பிழைகள் ஒன்றாக நடந்திருக்கலாம். 22.2 என்றால் 11.1 இன் இரண்டு மடங்கு, கெல்வினும் ஈரணுவும். 11,100 என்றால் கெல்வினும் அலகும். விகிதத்தை 11.1, 1000, 2 என்று ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போய் 1 வருகிறதா என்று பாருங்கள்.

அப்படியும் ஒன்றும் வராவிட்டால், விடைத்தாள் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஃபோனில் கைமாறி வரும் விடைகளில் யாரோ அவசரத்தில் எழுதியவையும் உண்டு, பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டத்தோடு ஒப்பிட்ட பிறகுதான் அதை நம்ப வேண்டும். அது கையில் இல்லை என்றால் உங்கள் வகுப்பில் ஒருவரிடம் விடையைச் சொல்லாமல் கேள்வியை மட்டும் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். அவருக்கும் உங்கள் எண்ணே வந்து, இரண்டு பேருடைய வழியும் வேறு வேறாக இருந்தால், விடைத்தாளில் அந்த இலக்கத்தைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.